உயரம், குளிர், கார்புரேட்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் ஹூஸ்டனில் வசிக்கிறேன். 2004ஆம் ஆண்டின் ஹோண்டா ஏ.டி.வி. (கரடுமுரடான பாதைகளுக்கான நான்கு சக்கர வண்டி) ஒன்று வைத்திருக்கிறேன், கார்புரேட்டர் வண்டி. சென்ற கோடையில் கொலராடோவின் சில்வர்ட்டன் பக்கம் மலைப்பாதைகளில் ஓட்டியபோது, முழுத் திராட்டில் (ஆக்சிலரேட்டர்) கொடுத்தால் வண்டி திணறியது, கரும்புகை வந்தது. ஊருக்குத் திரும்பியதும் தானாகவே சரியாகிவிட்டது. ஜூலையில் மீண்டும் போகிறோம். டிசம்பரில் பனியிலும் ஓட்ட விருப்பம். என்ன ஜெட் வாங்க வேண்டும்? இரண்டு பயணங்களுக்கும் ஒரே ஜெட் போதுமா?

பதில்: உங்கள் வண்டியில் பழுது எதுவும் இல்லை. காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர்; அதில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு துண்டுதான் ஜெட். ஹூஸ்டன் காற்றுக்கென்று அளந்து வைத்த ஜெட் மலைக்காற்றுக்குப் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். சில்வர்ட்டன் ஊரே 9,318 அடி உயரத்தில் இருக்கிறது; அங்கிருந்து ஆல்பைன் லூப் பாதையில் எஞ்சினியர் கணவாய்வரை ஏறினால் 12,800 அடி. 32 டிகிரி வெயிலில் ஹூஸ்டனில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோ; சில்வர்ட்டனில் 20 டிகிரி கோடைப் பகலில் அது சுமார் 0.85 கிலோதான். அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்று நூற்றுக்கு 27 பங்கு குறைந்துவிடுகிறது. ஆனால் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் பெட்ரோலை உறிஞ்சும் விசை அதே விகிதத்தில் பெட்ரோலைக் குறைப்பதில்லை. பெட்ரோலின் அளவு காற்றடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டியே குறைகிறது. ஆகவே காற்று 27 பங்கு குறையும் இடத்தில் பெட்ரோல் 14 பங்குதான் குறைகிறது. கலவையில் பெட்ரோல் ஏறத்தாழ 17 சதவீதம் மிகுந்துவிடுகிறது. எஞ்சினியர் கணவாயின் உச்சியில், 10 டிகிரி குளிரில், இந்த மிகை 20 சதவீதத்தையும் தாண்டும். நீங்கள் பார்த்த கரும்புகை இதுதான்.

டிசம்பர் கணக்கு வேறு, பலரும் சறுக்கும் இடமும் இதுவே. உயரம் காற்றை மெலிதாக்குகிறது. குளிர் அதே காற்றை மீண்டும் அடர்த்தியாக்குகிறது. அதே சில்வர்ட்டனில் மைனஸ் 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 0.98 கிலோ வரும். அப்போது பெட்ரோலின் மிகை 8 சதவீதம் மட்டுமே. கோடைக்கென்று சின்ன ஜெட்டை மாட்டிவிட்டு அதே ஜெட்டோடு பனிக்காலத்தில் முழு வேகத்தில் ஓட்டினால், கலவையில் பெட்ரோல் போதாமல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். பெட்ரோல் மிகுந்தால் வண்டி புகைக்கும், இழுக்காது, பிளக் கரியாகும். பெட்ரோல் போதாவிட்டால் பிஸ்டனே போகும். எனவே ஒரே ஜெட் போதாது, இரண்டு வாங்குங்கள்.

எந்த எண் என்பதற்கு முதலில் உங்கள் கார்புரேட்டர் யாருடையது என்று பாருங்கள். ஹோண்டாவில் பெரும்பாலும் கெய்ஹின் இருக்கும். கெய்ஹின் மெயின் ஜெட்டின் எண் துளையின் விட்டம்: 140 என்றால் 1.40 மி.மீ. மிக்குனி ஜெட்டின் எண் பெரும்பாலும் அதன் வழியே ஓடும் பெட்ரோலின் அளவைக் குறிப்பது. இந்த வேறுபாட்டால், ஒரே அளவு திருத்தத்துக்கு இரண்டிலும் வெவ்வேறு எண்கள் வரும். உங்களுடையது இப்போது 140 என்று வைத்துக்கொண்டால், கோடைச் சில்வர்ட்டனுக்குக் கெய்ஹினில் 130 வரும், மிக்குனியில் 120 வரும். டிசம்பருக்குக் கெய்ஹினில் 135, மிக்குனியில் 130. இவை தொடங்குவதற்கான எண்கள்தாம். இறுதி முடிவு ஸ்பார்க் பிளக்கைப் பார்த்த பிறகே. உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் மலைப்பகுதிக்கென்று தனி ஜெட் எண் கொடுத்திருந்தால், என் கணக்கை விட்டுவிட்டு அதையே பின்பற்றுங்கள். போலாரிஸ் பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு இன்னும் ஒரு படி மேலே போய், உயரத்தை ஒரு பக்கமும் வெப்பநிலையை மறு பக்கமும் வைத்து ஜெட் அட்டவணையே கொடுத்திருந்தது. எல்லா நிறுவனங்களும் செய்திருக்க வேண்டிய வேலை அது.

ஜெட் மாற்றுவது கடினமான காரியம் அல்ல; பொறுமை வேண்டும். பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடிகால் ஸ்க்ரூ வழியாக ஒரு பாத்திரத்தில் இறக்கிவிட்டு, கிண்ணத்தின் ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும். ஜப்பானிய கார்புரேட்டர்களில் இந்த ஸ்க்ரூக்களின் தலையிலுள்ள சிலுவைப் பள்ளம், கடைகளில் கிடைக்கும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் முனை முழுதாக இறங்காமல் நழுவித் தலையை மழுக்கிவிடும். ஜப்பானிய அளவு முனையுள்ள டிரைவர் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் பித்தளையில் நீட்டிக்கொண்டிருப்பது மெயின் ஜெட். அதன் முகத்திலேயே எண் பொறித்திருக்கும். துளையில் அடைப்பு இருந்தால் கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பொறித்த எண்ணுக்கு அர்த்தமில்லாமல் போகும்.

மெயின் ஜெட்டின் ஆட்சி முக்கால் திராட்டிலிலிருந்து முழுத் திராட்டில்வரைதான். கால் திராட்டில் முதல் முக்கால்வரை நீடில் என்னும் ஊசியின் ஆட்சி; அதற்குக் கீழே பைலட் ஜெட்டும் பைலட் ஸ்க்ரூவும். மெயின் ஜெட்டை மாற்றிய பிறகும் பாதி திராட்டிலில் வண்டி திணறினால், ஊசியிலுள்ள கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுங்கள். ஊசி கீழே இறங்கிப் பெட்ரோலைக் குறைக்கும். அமெரிக்காவில் விற்ற பல வண்டிகளின் ஊசியில் பள்ளங்களே இருக்காது. அவற்றில் மெல்லிய வாஷர் வைத்து ஊசியை உயர்த்தலாமே தவிர, தாழ்த்துவதற்கு வேறு ஊசிதான் வாங்க வேண்டும். டயஃப்ரம் என்னும் ரப்பர் சவ்வு வைத்த கார்புரேட்டராக இருந்தால் நடுத்தர திராட்டிலில் அதுவே ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும் என்பதால், ஊசியைத் தொடும் தேவை பெரும்பாலும் வராது.

திருத்தம் எவ்வளவு சரியாக இருந்தாலும் இழந்த சக்தி முழுதாகத் திரும்பாது. ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் என்ற கணக்கில், 10,000 அடியில் எஞ்சினின் சக்தியில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அதை மீட்கிறேன் என்று ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். மலைப்பாதையின் தூசி நேரே சிலிண்டருக்குள் போவதுதான் அதில் கிடைக்கும் பலன்.

கொலராடோவின் பெட்ரோல் பங்க்குகளில் சாதாரண பெட்ரோல் என்று விற்பது பெரும்பாலும் 85 ஆக்டேன் (எஞ்சினில் தட்டல் வராமல் பெட்ரோல் தாங்கும் திறனின் அளவு). மெலிந்த காற்றில் பழைய கார்புரேட்டர் எஞ்சின் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் டேங்க் நிறைய அதை நிரப்பிக்கொண்டு டெக்சாஸ் சமவெளியில் ஓட்டாதீர்கள். அதைவிட முக்கியம், வீடு திரும்பியதும் முதல் வேலையாகப் பழைய ஜெட்டை மாட்டிவிடுவது. மலைக்கு மாற்றிய கார்புரேட்டரோடு 5,000 அடிக்குக் கீழே தொடர்ந்து ஓட்டினால் எஞ்சின் சூடேறிக் கெடும் என்று ஹோண்டாவின் கையேடுகளே எச்சரிக்கின்றன.

கேள்வி: கனடாவின் கால்கரியில் இருக்கிறேன். பழைய ஏ.டி.வி. வாங்கியபோது, இந்த ஊர் 3,400 அடி உயரம் என்பதால் ஒரு நண்பர் சொல்லி மெயின் ஜெட்டை ஒரு எண் குறைத்தேன். கோடையில் அருமையாக ஓடியது. இப்போது மைனஸ் 25 டிகிரியில் கிளப்புவதே பெரும்பாடு. ஓடும்போதும் கார்புரேட்டர் பக்கம் பட்டென்று வெடிக்கிறது, விட்டு விட்டு இழுக்கிறது.

பதில்: நண்பர் சொன்னது கோடைக்குச் சரி. ஆனால் மைனஸ் 25 டிகிரியில் கால்கரியின் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.25 கிலோ, கடல்மட்டத்தில் 15 டிகிரியில் இருக்கும் காற்றின் எடையே 1.225 கிலோதான். ஆக, ஊர் மலையடிவாரத்தில் இருந்தாலும், அந்த நாளில் உங்கள் எஞ்சின் சுவாசிப்பது கடற்கரைக் காற்றைவிடக் கனமான காற்று. 25 டிகிரி கோடை நாளோடு ஒப்பிட்டால் கலவையில் பெட்ரோல் 9 சதவீதம்போலக் குறைந்துபோகிறது. போதாக்குறைக்கு, அந்தக் குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. துளிகளாகவே குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கார்புரேட்டர் பக்கம் வெடிப்பது பெட்ரோல் போதாததன் அடையாளம். பழைய ஜெட்டைத் திரும்ப மாட்டுங்கள். பைலட் ஸ்க்ரூவைப் பெட்ரோல் கூடும் பக்கமாகக் கால் சுற்று முதல் அரைச் சுற்றுவரை திருப்புங்கள்.

அதற்காக மைனஸ் 35 டிகிரி நாளைக் கணக்கில் வைத்து மிகப் பெரிய ஜெட்டை மாட்டிவிடவும் வேண்டாம். உங்கள் ஊரில் சினூக் என்னும் வெப்பக் காற்று அடித்தால் சில மணி நேரத்தில் 20 டிகிரி ஏறிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். காலையில் சரியாக இருந்த கலவை மாலையில் மிகுந்துவிடும். வழக்கமாக நீங்கள் ஓட்டும் குளிருக்குச் சரியானதைவிட ஒரு சிறு அளவு பெட்ரோல் கூடுதலாக வைத்துக்கொள்வதே இங்கு விவேகம். சினூக் நாளில் கொஞ்சம் புகை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

கிளப்பும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய ஏ.டி.வி. கார்புரேட்டர்களில் சோக் என்று நாம் இழுக்கும் குமிழ் பெரும்பாலானவற்றில் காற்றுவழியை அடைக்கும் தகடு அல்ல; தனியாக ஒரு சின்னப் பெட்ரோல் வழியைத் திறந்துவிடும் பிஸ்டன். திராட்டில் முழுதாக மூடியிருக்கும்போதுதான் அந்த வழியில் உறிஞ்சும் விசை கிடைக்கும். கிளம்பவில்லையே என்ற பதற்றத்தில் சோக்கை இழுத்தபடி கட்டைவிரலால் திராட்டிலையும் அழுத்தினால், அந்த விசை போய்விடும். சோக் இருந்தும் இல்லாததுபோல ஆகிவிடும். திராட்டிலைத் தொடாமல் ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் சுற்றவிட்டு, நிறுத்தி, மீண்டும் சுற்றுங்கள். பழைய தகடு வகைச் சோக்காக இருந்தால் மட்டும் திராட்டிலைச் சிறிதளவு திறக்கலாம். ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றினால் கார்புரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாட்டரியை இரவில் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள், கையேடு அனுமதிக்கும் மெல்லிய குளிர்கால ஆயிலுக்கு மாறுங்கள். எஞ்சினைச் சூடேற்றுவது எப்போதும் திறந்த வெளியில் நடக்கட்டும். கதவு மூடிய கேரேஜில் சோக் போட்டு ஓடும் எஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

கேள்வி: பைலட் ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும் என்று ஒருவர் சொல்கிறார், குறையும் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி? என் வண்டியில் ஸ்க்ரூவையே காணவில்லை.

பதில்: இருவரும் அவரவர் வண்டியைப் பொறுத்துச் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஸ்க்ரூ எஞ்சின் பக்கமாக இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருப்பினால் காற்று கூடும், பெட்ரோலின் பங்கு குறையும். திருப்புவதற்கு முன் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முழுதும் இறக்கி, எத்தனை சுற்று போயிற்று என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடியில் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும்; மேலும் இறுக்கினால் அதன் கூர்முனை கார்புரேட்டரின் துளையையே பிளந்துவிடும். பிறகு பழைய அளவுக்கே திருப்பி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஐட்லிங் அதிகபட்சமாக ஏறும் இடத்தைக் கால் கால் சுற்றாகத் தேடிப் பிடியுங்கள். ஏறிய ஐட்லிங்கை அதற்குரிய தனி ஸ்க்ரூவால் இறக்கிக்கொள்ளலாம்.

ஸ்க்ரூ தெரியாததற்குக் காரணம், மாசுக்கட்டுப்பாட்டு விதிகளுக்காகத் தொழிற்சாலையிலேயே அதன் மேல் அடித்து வைக்கும் சிறு பித்தளை மூடி. மூடியில் சிறு துளை போட்டு, அதில் ஒரு ஸ்க்ரூவை முறுக்கி இழுத்தால் வந்துவிடும். துரப்பண முனையில் சில மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி டேப் சுற்றிக்கொள்ளுங்கள். மூடி மெல்லியது, அதைத் துளைத்ததும் முனை உள்ளிருக்கும் ஸ்க்ரூவின் தலையில் பாய்ந்துவிடும். சில ஹோண்டாக்களில் ஸ்க்ரூவின் தலை அரைவட்ட வடிவில் இருக்கும். அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

கேள்வி: மினசோட்டாவில் பனியில் ஓட்டுகிறேன். வண்டி நன்றாகக் கிளம்புகிறது. அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்புகிறது. ஜெட் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். இது உறைபனியின் வேலை. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் கார்புரேட்டரின் கழுத்துக்குள் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேலும் சரியக்கூடும். காற்றில் ஈரம் இருந்தால் அது அங்கேயே பனிக்கட்டியாகித் திராட்டிலைச் சுற்றிப் படியும். வண்டி நின்றதும் எஞ்சினின் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, கட்டி உருகிவிடுகிறது. பூஜ்யம் முதல் 15 டிகிரிவரையுள்ள ஈரமான நாள்களில்தான் இது அதிகம். மைனஸ் 25 டிகிரியின் வறண்ட காற்றில் உறைவதற்கு ஈரமே இருக்காது.

அடுத்த முறை அணைந்ததும் இரண்டு காரியங்களைச் செய்து பாருங்கள். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்று உஸ்ஸென்று உள்ளே இழுத்தால், டேங்கின் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. பல வண்டிகளில் இந்தக் குழாயின் முனை ஹேண்டில்பாரின் நடுத்தண்டுக்குள் செருகியிருக்கும். அதில் பனியோ நீரோ உறைந்திருக்கும். அடுத்ததாக, கார்புரேட்டரின் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பாருங்கள். பெட்ரோல் வராவிட்டால் கிண்ணத்துக்குப் போகும் வழியிலோ கிண்ணத்தின் அடியிலோ நீர் உறைந்திருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தால் குற்றவாளி கழுத்தில் படிந்த பனிதான்; அதற்குக் கார்புரேட்டரில் பொருத்தும் சிறு மின்சூடேற்றி கிடைக்கிறது. கார்புரேட்டரின் காற்றுக்குழாய்கள் கீழ்நோக்கித் தொங்கிப் பனியில் உரசுவதாக இருந்தால், ஒவ்வொன்றிலும் டி வடிவ இணைப்பு ஒன்றைச் செருகி, ஒரு கிளையைச் சீட்டுக்கு அடியில் கொண்டுபோய் விடுங்கள். கீழ்முனை உறைந்தாலும் மேல்முனை சுவாசிக்கும். டேங்கில் நீர் சேர்ந்திருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வகை உறைவுத் தடுப்பியை, புட்டியில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். வெளியே போய் வந்ததும் டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் சேருவது குறையும்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது ஏ.டி.வி. அல்ல, 2015ஆம் ஆண்டு புல்லட் 350, கார்புரேட்டர் வண்டி. ஆகஸ்டில் மணாலி வழியாக லே போகிறோம். இந்தத் திருத்தங்கள் எனக்கும் பொருந்துமா?

பதில்: காரணம் ஒன்றே, கணக்கும் ஒன்றே, அளவுதான் பெரிது. லே 11,500 அடி. கார்துங் லா 17,582 அடி, அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. உச்சியில் பெட்ரோலின் மிகை 30 சதவீதத்தைத் தாண்டும். எஞ்சினின் சக்தி பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனாலும் மெயின் ஜெட்டை மாற்றச் சொல்ல மாட்டேன். உங்கள் வண்டியில் இருப்பது டயஃப்ரம் வைத்த கார்புரேட்டர். மலைச்சாலையில் நீங்கள் பெரும்பாலும் பாதித் திராட்டிலில்தான் போவீர்கள், அந்த இடத்தில் அது ஓரளவு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். உச்சியில் நீங்கள் நிற்கப்போவதும் சிறிது நேரம்தான். சின்ன ஜெட்டை மாட்டிக்கொண்டு அதே வேகத்தில் சண்டிகர் வெயிலுக்கு இறங்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால், கணவாயில் கொஞ்சம் கரும்புகை விடுவது எவ்வளவோ மேல்.

மணாலியில் தங்கும் நாளில் பைலட் ஸ்க்ரூவைப் பெட்ரோல் குறையும் பக்கமாக அரைச் சுற்று திருப்பி, ஐட்லிங்கைச் சற்று ஏற்றிக்கொள்ளுங்கள். இறங்கியதும் பழையபடி வைத்துவிடுங்கள். ஏர் ஃபில்டரைப் புதிதாக மாட்டிக்கொண்டு கிளம்புங்கள், ஏனென்றால் அடைத்த ஃபில்டர் உயரத்தின் தொல்லையை இரட்டிப்பாக்கும். கரி படிந்த பிளக்கைக் கழற்றி மாட்ட இரண்டு புதுப் பிளக்குகள் கையில் இருக்கட்டும். மைலேஜ் குறையும் என்பதால் பெட்ரோல் கணக்கைச் சமவெளி அளவில் போடாதீர்கள். அதிகாலைக் குளிரில் கிளப்பும்போது சோக்கை இழுங்கள். வெயில் ஏறிய பிறகு கணவாயில் அணைந்த வண்டியைக் கிளப்பச் சோக் வேண்டாம். அங்கே பெட்ரோல் ஏற்கெனவே மிகுதி. சோக்கையும் இழுத்தால் பிளக் நனைந்துவிடும். திராட்டிலை முழுதாகத் திறந்துவைத்துக் கிக்கரை மிதித்தால் தேங்கிய பெட்ரோல் வெளியேறி வண்டி பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: ஃபியூயல் இன்ஜெக்ஷன் உள்ள ஏ.டி.வி.யில் இவற்றில் எதையாவது செய்ய வேண்டுமா?

பதில்: கலவைக்கென்று எதுவும் செய்ய வேண்டாம். காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் சென்சார்கள் பார்த்துக்கொள்ளும். சக்தி குறைவது மட்டும் அதிலும் அப்படியேதான் இருக்கும். பெல்ட் கிளட்ச் வண்டியாக இருந்து, நீங்கள் நிரந்தரமாகவே மலையில் ஓட்டுபவர் என்றால், அந்த உயரத்துக்குரிய கிளட்ச் எடைகளை மாற்றிக்கொள்வது பலன் தரும். எந்த எடை என்பது உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும்.